மூடுபனியும் தபாற்காரனும்

மூச்சுக்காற்று அனைவர்க்கும் பொது என்பர். ஆயின் நகரப் புகையின் வரலாற்றை ஊன்றி நோக்குவோமாயின், அது எல்லோருக்கும் ஒரே அளவாய்ப் பங்கிடப்பட்டதில்லை என்பதைக் காண்போம். இலண்டன் மாநகர் இதற்குத் தக்க சான்றாகும்.

1661ஆம் ஆண்டிலேயே ஜோன் ஈவ்லின் அந்நகரின் நிலக்கரிப் புகையைக் கண்டித்து நூலொன்று எழுதி, மன்னன் இரண்டாம் சார்ள்சுக்குச் சமர்ப்பித்தார். பயன் விளையவில்லை. கைத்தொழிற் புரட்சியோடு புகை பன்மடங்காயிற்று.

1952 டிசெம்பர் 5ஆம் நாள் தொடங்கி ஐந்து நாட்கள் புகைகலந்த மூடுபனி இலண்டனைக் கவிந்தது. பஸ் கொண்டக்டர் விளக்கேந்தி வண்டிக்கு முன்னே நடந்தார். பொலிஸ்காரர் தீப்பந்தத்துடன் சந்தியில் நின்றார். ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனரென அக்காலத்தில் கணக்கிடப்பட்டது. 12,000 வரை இருக்கலாமெனப் பிற்கால ஆய்வு கூறிற்று. 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது.

அந்த ஐந்து நாட்களில் மாண்டோர் எண்ணப்பட்டனர். ஆனால், ஆண்டுக்கணக்காய்த் தெருவில் உழைத்துச் சிறுகச் சிறுக நுரையீரல் நைந்தவரை எண்ணியவர் யார்? அதற்கு வழி திறந்தவை தபாற் பகுதியின் பதிவேடுகளே. 1958இல் பெயர்பேர்ன், ரீட் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு, அடர்ந்த மூடுபனி மிகுந்த இடங்களில் வேலைசெய்த தபாற்காரரிடையே சுவாசக்குழாய் அழற்சியால் வந்த சுகவீன லீவும், காலத்துக்கு முந்திய ஓய்வும், மரணமும் மிகுந்திருந்ததைக் காட்டிற்று. சுமையோடு நடப்பவன், அமர்ந்திருப்பவனிலும் பன்மடங்கு காற்றை உள்ளிழுக்கிறான். காற்றோடு புகையும் உட்செல்கிறது. உழைப்பே நஞ்சின் அளவைக் கூட்டுகிறது.

இன்று நிலக்கரியின் இடத்தை டீசல் பிடித்துள்ளது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012இல் அறிவித்தது. மறு ஆண்டு வெளிக்காற்று மாசு முழுவதையும் அவ்வாறே வகைப்படுத்திற்று. நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது நல்லதொரு முன்னேற்றமே. எனினும் கொழும்பின் புகை ஓய்ந்துவிடவில்லை.

இங்கே நாம் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். இலண்டன் தபாற்காரனின் நோய் உலகுக்குத் தெரியவந்தது எதனால்? அவனுக்குச் சுகவீன லீவும் ஓய்வூதியமும் இருந்தமையால். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்கும், நடைபாதை வியாபாரிக்கும், முச்சக்கரவண்டிச் சாரதிக்கும் அவை உண்டா? இருமல் வந்த நாளில் அவர் இழப்பது கூலியை மட்டுமே. அந்த இருமல் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிவில்லாத நோய்க்குச் சட்டமும் பிறப்பதில்லை.

ஆகவே, தூய காற்றுக்கான கோரிக்கையை உழைப்போரின் உரிமைக் கோரிக்கையிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. தபாற்காரனின் லீவுப் பதிவேடு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.