தும்பிக்கை ‘லை’யும் கறுப்புத் திரைக் கட்டளையும்

எங்கள் ஊர் விராலிமலை. அந்தப் பெயரின் கடைசி எழுத்தை எங்கள் தாத்தா காலத்தில் இப்படி எழுதமாட்டார்கள். எழுத்தோடு ஒட்டி யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு போடுவார்கள். ணை, ளை, னை எல்லாவற்றுக்கும் அதே தும்பிக்கைதான். பெரியார் 1935-ல் ‘குடி அரசு’ இதழில் புது வடிவத்தை அச்சிட்டுப் பார்த்தார். தமிழக அரசு அதை ஆணையாக்கியது 1978-ல். இடையில் 43 ஆண்டுகள்! அத்தனை காலமும் இரண்டு வடிவமும் புழக்கத்தில் இருந்தன.

புதியதைச் சோதித்துப் பார்ப்பது, பழையதைப் பக்குவமாக வழியனுப்புவது என்ற இந்த இரண்டு வேலையும் கணினியிலும் உண்டு நண்பர்களே. கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலை வாங்கும் திறந்த மூல மென்பொருள்களில் அது ஒரு தனிக் கலை எனலாம்.

கோப்புகளில் சொல் தேட ‘ஈக்ரெப்’ என்றொரு கட்டளை, 1970-களில் யூனிக்ஸில் பிறந்தது. ‘கிரெப்’ கட்டளையே அந்த வேலையைச் செய்யும் என்பதால், க்னூ குழுவினர் 2007-லேயே அதை வழக்கொழிந்ததாக அறிவித்தார்கள். ஏடுகளில் எழுதியதோடு சரி, யார் படித்தார்கள்? 2022 செப்டம்பரில் வந்த கிரெப் 3.8 பதிப்பில், ஈக்ரெப் தட்டினாலே எச்சரிக்கை வரும்படி செய்தார்கள். நான் கணினி பார்த்துக் கொடுக்கும் கடையில் அந்த வரியைப் பார்த்த முதலாளி, “என்ன தம்பி, வைரஸா?” என்று பதறிவிட்டார். “இல்லீங்க, கட்டளைக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்றேன். கணக்கு ஒரு பைசா மாறவில்லை. எச்சரித்தார்களே தவிர, வேலையை நிறுத்தவில்லை பாருங்கள்!

‘கிட்’ மென்பொருளின் கதை இன்னும் சுவையானது. ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளை இரண்டு வேலை பார்த்துக் குழப்பியதால், 2019 ஆகஸ்டில் ‘ஸ்விட்ச்’, ‘ரெஸ்டோர்’ என்று இரண்டாகப் பிரித்தார்கள். ‘இது சோதனை நிலை, மாறலாம்’ என்று கையேட்டிலேயே ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சொல்லை எடுத்தது 2025-ல் வந்த 2.51 பதிப்பில்தான். செக்அவுட்டும் போகவில்லை. அதே பதிப்பில் ‘வாட்சேஞ்ட்’ என்ற பழைய கட்டளைக்கு ஒரு பூட்டு. ‘நான் இன்னும் இதைப் பயன்படுத்துகிறேன்’ என்று கூடவே தட்டினால்தான் ஓடும்! யாராவது இருக்கிறீர்களா என்று வாசலில் நின்று கேட்டுவிட்டு வீட்டை இடிப்பது போல.

கல்லூரியில் இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே! நாளை நீங்கள் எழுதும் நிரலை நம்பி எங்கேயோ ஒரு சிறு கடை ஓடும். சோதனை என்றால் சோதனை என்று சொல்லுங்கள். நீக்குவதென்றால் காலம் கொடுத்து, மாற்று வழியும் காட்டி நீக்குங்கள். எழுத்தையே மாற்றிய நம் தமிழுக்கு இந்த நிதானம் புதிதல்ல.