ஓவியர் திரும்பிப் பார்த்த திசை

கோடையில் மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்கு ஏறிய கொங்கு மக்களுக்கு, மலர்க் காட்சியைப் போலவே குதிரைப் பந்தயமும் நெடுங்காலம் பழகிய காட்சியாய் இருந்தது. பேருந்து நிலையத்தை அடுத்த அந்தப் பந்தயத் திடலை 2024-ஆம் ஆண்டில் அரசு தன்வசமாக்கிக்கொண்டது. 1868 வரை கோவை மாவட்டத்தில் அடங்கியிருந்த அம்மலைக்குத் தம் நாட்டுப் பொழுதுபோக்கைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர். அவர்கள் நாட்டில் பந்தயக் குதிரைகளுக்கென்றே ஓர் ஓவியக் கலை வளர்ந்திருந்ததை நம்மில் பலர் அறியோம்.

வென்ற குதிரையைப் படமாக்கச் செல்வர்கள் ஓவியர்க்குப் பொருள் கொடுத்தனர். கோச்சு வண்டி ஓட்டியாயிருந்து ஓவியரான ஜான் பிரடெரிக் ஹெர்ரிங், செயின்ட் லெஜர் பந்தயத்தில் வென்ற குதிரைகளை 33 ஆண்டுகள் தொடர்ந்து வரைந்தார். அக்காலப் படங்களில் பாயும் குதிரை முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டி அந்தரத்தில் மிதக்கும். 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்டு மைபிரிட்ஜ் எடுத்த நிழற்படங்கள் உண்மையைக் காட்டின: நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும் நொடியில் அவை வயிற்றின் கீழ் மடங்கியிருக்கின்றன. கண்முன் ஓடியதையே தலைமுறை தலைமுறையாகத் தவறாகப் பார்த்திருந்தனர்!

குதிரையின் காலைத் தவறாகக் கண்டது சிறு பிழை. திடலில் நின்ற மனிதரைக் காணாதிருப்பதோ பெரும் பிழை. வில்லியம் பவல் பிரித் என்ற ஓவியர் அவர்களைக் கண்டார். அவரது ‘டெர்பி நாள்’ ஓவியம் 1858-இல் லண்டன் ராயல் அகாடமியில் வைக்கப்பட்டபோது, நெருக்கிய கூட்டத்திலிருந்து அதைக் காக்கத் தடுப்புக் கம்பி போட வேண்டியதாயிற்று. அதில் பந்தயம் எங்கோ பின்னால் சிறுத்துக் கிடக்கிறது. முன்னே ஒரு கழைக்கூத்தாடிச் சிறுவன்; தந்தை கைநீட்டி அழைக்க, பிள்ளையின் பார்வையோ செல்வர் வீட்டுப் பணியாள் பரப்பும் விருந்துணவின்மேல் நிற்கிறது. இடப்புறம், சூதில் அனைத்தையும் இழந்த இளைஞன் வெறும் பைகளுக்குள் கைகளை விட்டு நிற்கிறான். சூதாட முனையும் நாட்டுப்புறத்தான் ஒருவனை அவன் மனைவி பிடித்து நிறுத்துகிறாள்.

அந்தப் பெண்ணை நாம் அறிவோம். சம்பள நாளில் வாசலில் காத்திருப்பவள் அவளே.

தமிழக அரசு 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அது திறமை சார்ந்த விளையாட்டே என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003-இல் லாட்டரி தடைசெய்யப்பட்டது. சூதாட்டமோ பின்னர் கைப்பேசிக்குள் புகுந்து வீட்டுக்கே வந்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி வேறொன்றைக் கேட்கிறது. வாய்ப்பு விளையாட்டுகள் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல என்று சொல்லும் அந்நூல், தனக்கும் தன்னைச் சார்ந்தவர்க்கும் தேவையானதை ஒருவனிடமிருந்து பறிக்கும்போது அவை ஏற்கத்தகாதவையாகின்றன என்கிறது.

கல்வாரியில் சிலுவையடியில் அமர்ந்து ஆடைக்குச் சீட்டுப் போட்ட படைவீரர்கள், மேலே துன்புற்றவரைப் பொருட்படுத்தவில்லை. எல்லாரும் குதிரைகளை நோக்கிய நாளில் பசித்த பிள்ளையின் பக்கம் திரும்பினார் ஓவியர். நம் கண்கள் எத்திசையில் நிற்கின்றன?