வாய்க்காலும் வேளையும்



புதுச்சேரியின் பாகூர் ஏரியை நீங்கள் கண்டிருப்பீர்கள். தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் அதற்கு நீர் கொண்டுவருகிறது. பங்காரி, சிங்காரி என்னும் இரு பெண்கள் தங்கள் செல்வத்தைச் செலவிட்டு அதை வெட்டுவித்தனர் என்பது அவ்வட்டாரத்தார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. வில்லியனூர்ப் பக்கத்து ஊசுடு ஏரிக்கும் சங்கராபரணி ஆற்றுநீர் வாய்க்கால் வழியாகவே வந்து சேருகிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையே. ஆற்றில் வெள்ளம் ஓடுவதோ சில நாட்களே. ஆகையால் நம் முன்னோர் கோடையிலேயே குடிமராமத்துக்காகக் கூடி, வாய்க்காலைத் தூர்வாரி, ஏரிக்கரையைப் பலப்படுத்தினார்கள். தூர்ந்த வாய்க்காலுக்கு மழை பெய்தும் பயனில்லை. வெள்ளம் கடலையே சேரும்.

காலத்தைப் பிரயோஜனப்படுத்தும்படி எபேசு சபைக்கு எழுதிய பவுல் அப்போஸ்தலன், கிரேக்கத்தில் ‘கைரோஸ்’ என்னும் சொல்லை வழங்கினார். ஏற்ற வேளை என்பது அதன் பொருள். ஓய்வின்றி அலைகிறவனும் அவ்வேளையைத் தவறவிடக்கூடும்.

பிள்ளைகள் நம் சொல்லுக்குச் செவிகொடுக்கும் வயது, பெற்றோர் நம்மோடிருக்கும் நாட்கள், நாம் ஒப்புரவாகவேண்டிய சகோதரன் உயிரோடிருக்கும் காலம்: இவையெல்லாம் ஆற்று வெள்ளம் போன்றவை. நமக்கு ஓய்வு கிடைக்கும்வரை அவை காத்திரா. உங்கள் வாய்க்காலை அடைத்திருக்கும் தூர் எது? மனத்தாங்கலாயின், இந்த வாரமே அதை அகற்றுங்கள்.

வேளையை அறியும் ஞானத்தைக் கர்த்தர் நமக்கு அருளுவாராக. ஆமென்.