தரமணியில் இரண்டு இரவுகள்

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் பார்க்க வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்து போய் ஒரே நாளில் திரும்புவது இந்த வயதில் முடியாது. தரமணியிலேயே ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் இரண்டு இரவு தங்கினேன். மாடியில் அறை, பொதுக் குளியலறை. பிரெஞ்சில் இதற்கு 'பான்சியோன்' என்று பெயர். நாங்கள் வாங்கும் பென்ஷனுக்கும் அதே சொல்தான்!

1984-ல் அப்பாவின் வைத்தியத்துக்காக அடையாறு பக்கம் வந்தபோது, என் சம்பளத்துக்கு ஏற்ற அறை எங்கும் கிடைக்கவில்லை. பதினோரு இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தேன். அன்றைய தரமணி என்றால் பாலிடெக்னிக், 1962-ல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம், இப்படிச் சில வளாகங்கள்தான். அங்கே படிக்க வந்தவர்களுக்கு விடுதி உண்டு. என்னைப் போன்ற வெளியாளுக்கு ஏது?

2000-ல் டைடல் பார்க் திறந்தார்கள். 2007-ல் பறக்கும் ரயில் தரமணி வழியாக வேளச்சேரி வரை வந்தது. வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு இடம் வேண்டுமே. ஊர்க்காரர்கள் வீட்டின் மேல் மாடி எழுப்பினார்கள். "இங்கதான் ஐயா மாடு கட்டியிருந்தோம்" என்று வீட்டுக்கார அம்மா வாசலைக் காட்டினார்.

புத்தகம் கிடைத்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பக்கத்து அறையில் ஒரு கடலூர்க்காரர். மனைவி ஆஸ்பத்திரியில். விடியற்காலையில் குளித்து, திருநீறு பூசி, வெளுத்த வேட்டியோடு, பிளாஸ்க்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்தப் பதினோரு நாளும் நான் அப்பா பக்கத்தில் கசங்கிய சட்டையோடு, குளிக்காமல்தான் உட்கார்ந்திருந்தேன்.