ஆளுநர் தாமஸ் மன்றோவின் கல்விக் கொள்கையும் வட ஆர்க்காடும்

முன்னுரை

திருமலைக் கோயிலின் 'மன்றோ கங்காளம்' என்னும் பாத்திரம், 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் பெயரை இன்றும் நினைவூட்டுகிறது. அவருடைய கல்விக் கொள்கையோ அந்த அளவிற்கு நினைக்கப்படுவதில்லை. சித்தூரும் திருப்பதியும் அக்காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. சித்தூரே அதன் தலைநகர். 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இப்பகுதியில், தாய்மொழிவழிக் கல்விக்கு அரசு பொறுப்பேற்குமா என்னும் வினா தனிச்சிறப்புடையது.

கணக்கெடுப்பு

கொள்கை வகுக்குமுன் நாட்டின் கல்விநிலையை அறிதல் வேண்டும் என்பது மன்றோவின் நிலைப்பாடு. 1822 ஜூன் 25ஆம் நாள் குறிப்பின்வழி, பள்ளிகள், மாணவர் தொகை, சாதி, பாடநூல், கட்டணம் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியர்களிடம் அவர் கோரினார். சித்தூர் ஆட்சியரகமும் அறிக்கை அனுப்பியது. மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருப்பது தெரியவந்தது. அவர்களுள் பெண்கள் 4,540 பேரே. ஐந்து முதல் பத்து வயதுள்ள சிறுவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் பள்ளி சென்றனர் என மன்றோ கணித்தார். வீட்டில் கற்போரையும் சேர்த்து, மூவரில் ஒருவர் கல்வி பெற்றதாகக் கருதினார்.

திட்டம்

1826 மார்ச் 10ஆம் நாள் குறிப்பில் அவர் தம் திட்டத்தை முன்வைத்தார். திண்ணைப் பள்ளிகளில் அரசு தலையிடலாகாது. கல்வித் தாழ்வுக்குப் போதிய ஊக்கமின்மையும் மக்களின் வறுமையுமே முதன்மைக் காரணங்கள் என்றார். மாவட்டந்தோறும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக 40 தலைமைப் பள்ளிகளும், 300 தாசில்தார் பள்ளிகளும் அமைக்கக் கருதினார். ஆசிரியர்க்கு மாத ஊதியம் முறையே 15 ரூபாய், 9 ரூபாய். சென்னை நிறுவனத்திற்குரிய 700 ரூபாயுடன் மாதச் செலவு 4,000 ரூபாய்.

வீழ்ச்சி

1827இல் மன்றோ பத்திகொண்டாவில் காலமானார். கம்பெனி இயக்குநர் அவை 1828இல் நிதிக்கு ஒப்புதல் அளித்தபோதும், 1830இல் ஆங்கிலவழி உயர்கல்வியையே வலியுறுத்தியது. 1836இல் இப்பள்ளிகள் மூடப்பட்டன.

மதிப்பீடு

இத்தோல்வியைத் தாய்மொழிவழிக் கல்வியின் தோல்வியாகக் கொள்வது பொருந்தாது. ஆசிரியர் ஒன்பது ரூபாய்க்கு நிகரான தொகையை மாணவரிடமும் பெறுவார் என மன்றோவே எதிர்பார்த்தார். ஆகவே அவர் சுட்டிய வறுமையை அவருடைய திட்டம் முழுமையாகக் களையவில்லை. கட்டணம் செலுத்த இயலாதோர்க்கும் பெண்களுக்கும் அதில் தனி வழியில்லை. வேரூன்றப் பத்தாண்டுக் காலமும் கிடைக்கவில்லை.

முடிவுரை

கணக்கெடுத்தபின் கொள்கை வகுத்தமையும், தலைநகரோடு நில்லாது தாசில்தார் எல்லைவரை அரசுநிதியைக் கொண்டுசெல்ல முனைந்தமையும் மன்றோவின் நிலைப்பாட்டின் சிறப்புகள் எனலாம். ஆசிரியர் ஊதியத்தை அரசு முழுமையாக ஏற்காத பொதுக்கல்வி நிலைபெறாது என்பதே சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களின் அன்றைய பட்டறிவு உணர்த்தும் உண்மையாகும்.