செம்புராங்கல் குடித்த மழை

புதுக்கோட்டைச் சீமைக் கண்மாய்களுக்குள் நிற்கும், தண்ணீரைத் திறந்துவிடும் குமிழித் தூம்புகளில் கல்வெட்டு உண்டு. தூம்பு செய்து கொடுத்தவர்களின் பெயரை ஆயிரம் வருடம் கழித்தும் படிக்க முடிகிறது. எங்கள் ஊர்க் கிணறுகளை வெட்டியவர்களின் பெயரை யாரும் கல்லில் பொறிக்கவில்லை. என் அப்பா கிணறு வெட்டியவர். அதனால் இந்தக் கணக்கை நான் சொல்லியாக வேண்டும்: கண்மாய்த் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு மட்டும் போகவில்லை, மண் வழியாக எங்கள் கிணறுகளுக்கும் போனது.

எங்கள் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் மேலே செம்மண், அதற்கடியில் செம்புராங்கல். இரும்புச் சத்து மிகுந்த கல், கரையான் அரித்த கட்டை மாதிரி துளை துளையாக இருக்கும். ஈரத்தோடு இருக்கையில் வெட்டுக்கு இணங்கும், வெயிலும் காற்றும் பட்டால் இறுகிவிடும். அதற்கும் கீழே வெள்ளைக் களி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையில் முதல் பங்கு மேல்மண்ணுக்கு. அது நனைந்து நிறைந்த பிறகுதான் மிச்சம் கீழே இறங்கும். போகிற வழியில் வேர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். வேர் எட்டாத ஆழத்துக்குத் தப்பிப் போன தண்ணீர் கல்லின் துளைகளில் இறங்கி, களியில் தடைபட்டு, பள்ளம் பார்த்துப் பக்கவாட்டில் நகரும். கல்லும் களியும் சேரும் அந்த இடத்தில்தான் அப்பா ஊற்றைத் தேடுவார்.

அரசாங்கத்திடமும் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நிலத்தடி நீரை மதிப்பிட மத்திய அரசின் குழு 1997-இல் வகுத்த முறைப்படி, செம்புராங்கல் நிலத்தில் பெய்யும் மழையில் நூற்றுக்கு 7 பங்குதான் நிலத்தடிக்குச் சேரும். வருடத்துக்கு 900 மி.மீ. மழை என்று வைத்தால் 63 மி.மீ. குளத்தில் தேங்கிய தண்ணீருக்கு அதே குழு நாளொன்றுக்கு 1.4 மி.மீ. என்று வைத்தது. நான்கு மாதம் தண்ணீர் நின்றால் 168 மி.மீ. அதாவது இரண்டரை மடங்குக்கு மேல். அப்பாவுக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. கிணற்றுக்கு இடம் பார்க்கக் கூப்பிட்டால், கண்மாய்க் கரை எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்பார். கரைக்குக் கீழ்ப்பக்கமாகவே நடப்பார்.

குடிமராமத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். கோடையில் ஊர் கூடிக் கண்மாய் வண்டலை வெட்டி வயலுக்கு அடித்தது. வயலுக்கு அது உரம். நுண்ணிய களி படிந்து அடைபட்டிருந்த கண்மாய்த் தரைக்கோ, அது தண்ணீர் இறங்குவதற்கான திறப்பு. வண்டலுக்கு ஆசைப்பட்டுச் செய்த வேலை கிணற்றையும் காப்பாற்றியது.

கமலை கட்டி இறைத்த காலத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டால் கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைத்தது. மோட்டார் வந்தது, பிறகு போர்வெல் வந்தது. அப்பாவைத் தேடி வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அதே வருடம் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகமும் தொடங்கப்பட்டது. மாவட்டத்துக் காட்டு நிலங்களில் காகிதக் கூழுக்காக ஆர்.எஸ்.பதி என்கிற தைல மரம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரவியது. கண்மாய்களுக்குத் தண்ணீர் தந்த மேட்டுநிலம்தான் அந்தக் காடு. தோட்டங்களுக்குள் உயர வரப்புப் போட்டு மழைநீரை மறிக்கிறார்கள், வரத்துவாரியில் தண்ணீர் வருவதில்லை என்று விவசாயிகள் பல வருடமாக முறையிடுகிறார்கள். வரப்புப் போட்டால் தண்ணீர் அங்கேயே பூமிக்குள் இறங்குமே, அதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆழமாக வேர்விட்டு வருடம் முழுக்க உறிஞ்சும் மரத்தின் காலடியில் இறங்குகிறது. கண்மாய்க்குள் வந்திருந்தால் அதன் கணக்கே வேறு.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளையெல்லாம் சாய்த்தது. அடுத்த வருடம் கொத்தமங்கலம், கீரமங்கலம், பேராவூரணி இளைஞர்கள் சொந்தக் காசும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களின் பணமும் போட்டுக் குளங்களைத் தூர்வாரினார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது. ஆனால் தூர்வாரிய குளம் நிறைய வாரி திறந்திருக்க வேண்டும். எங்கள் கண்மாய்களுக்கு வரும் வாரிகள் காட்டுக்குள் எந்தெந்த வரப்பில் முட்டி நிற்கின்றன என்று, புரட்டாசிக்குள் ஊராட்சியும் வனத்துறையும் பாசனக்காரர்களும் சேர்ந்து நடந்து பார்த்து அங்கெல்லாம் வெட்டிவிட வேண்டும். இந்த வருடம் நான் கேட்பது இதைத்தான்.