பிரேக் கீச்சொலி
பிரேக் கீச்சொலி என்பது தானுந்தின் பிரேக்கை அழுத்தும்போது சக்கரத்தில் எழும் கூரிய ஒலியாகும். வட்டு பிரேக் கொண்ட பல தானுந்துகளில் பிரேக் பேடுடன் ஒரு சிறு எஃகுத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். பேடின் உராய்பொருள் தேய்ந்து ஏறத்தாழ 2–3 மி.மீ. மட்டும் எஞ்சும்போது அத்தகடு சுழலும் வட்டை உரசிக் கீச்சிடும். எனவே இது பழுதின் ஒலியன்று. பேடை மாற்றச் சொல்வதற்கென்றே அமைக்கப்பட்ட ஒலி.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் இரவு முழுதும் நனைந்த வண்டி காலையில் கீச்சிடுவதுண்டு. அது வட்டில் படிந்த மெல்லிய துருவால் வருவது. சிலமுறை பிரேக் பிடித்ததும் மறைந்துவிடும். மறையாத கீச்சொலியே கவனத்திற்குரியது. அது கரகரப்பாக மாறினால் உராய்பொருள் தீர்ந்து உலோகம் உலோகத்தை அரைக்கிறது எனலாம். அந்நிலையில் செங்கோட்டை–ஆரியங்காவு மலைப்பாதையில் (தே.நெ. 744) இறங்குவது ஆபத்தானது.